‘அழித்துவிடு’ என்றால் எது அழியும்?

ஜெயங்கொண்டம் பகுதி நிலம் ஒன்றின் பழைய காகிதக் கட்டைப் பிரித்தால், மாவட்டம் என்ற இடத்தில் ஒரே பெயர் இருக்காது. 1994ஆம் ஆண்டுக் காகிதத்தில் திருச்சிராப்பள்ளி. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவானபின் பெரம்பலூர். 2001 ஜனவரி 1 முதல் அரியலூர். 2002 மார்ச் 31இல் இரண்டும் இணைக்கப்பட்டதால் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பர் 23 முதல் இன்றுவரை அரியலூர். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்படிப்பட்ட காகிதங்களை ஸ்கேன் செய்து, தன் கணினியிலேயே ஒரு வெக்டர் தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருக்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றை வைத்துக்கொள்வோம். வழக்கு முடிந்த பெரம்பலூர்க் கட்சிக்காரர் தன் ஆவணங்களை நீக்கிவிடச் சொல்கிறார். குமாஸ்தா ஏஐ முகவரிடம், “பெரம்பலூர் நிலப் பத்திரங்களை அழித்துவிடு” என்று தட்டச்சு செய்கிறார். ஜெயங்கொண்டத்துக்காரரின் 2004ஆம் ஆண்டுப் பத்திரமும் இதில் போய்விடலாம். அதிலும் பெரம்பலூர் மாவட்டம் என்றுதானே இருக்கிறது.

வெக்டர் தரவுத்தளம் பத்திரத்தை முழுசாக வைத்துக்கொள்வதில்லை. சில பத்திகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் எண்களின் வரிசையாக மாற்றிச் சேமிக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் குரோமா என்ற தரவுத்தளம், நாம் வேறு மாடலைக் குறிப்பிடாவிட்டால், ஒரு துண்டுக்கு 384 எண்கள் தரும் சிறிய மாடலைப் பயன்படுத்துகிறது. அது ஆங்கிலத்துக்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. தமிழ் எழுத்தில் மெய்ப்புள்ளியை உதிர்த்துவிட்டே படிக்கும். ‘பெரம்பலூர்’ அதற்கு ‘பெரமபலூர’தான். தமிழ் ஆவணங்களை ஏற்றுபவர்கள் பன்மொழி மாடலுக்கு மாறுவது முதல் வேலை.

தேடும்போது தரவுத்தளம், கேள்விக்கு அருகில் உள்ள துண்டுகளைத் தருகிறது. பத்து கேட்டால், பொருத்தமானவை மூன்றே இருந்தாலும் பத்தை எடுத்து நீட்டும். படிப்பதற்கு இதனால் பெரிய கேடில்லை, வேண்டாததைத் தள்ளிவிடலாம். அழிப்பதற்கு இந்த முறையை ஒருபோதும் நம்பக் கூடாது.

முகவர் தானாக எதையும் அழிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் கொடுத்திருக்கும் ‘டூல்’களில் ஒன்றை, இன்ன விவரத்தோடு இயக்கு என்று அது கேட்கிறது, இயக்குவது நம் நிரல். ஆகவே பாதுகாப்பை டூலிலேயே கட்டலாம். தேடும் டூல் வேறு, அழிக்கும் டூல் வேறாக இருக்கட்டும். அழிக்கும் டூல், தேடுசொல்லை ஏற்கவே கூடாது. துண்டுகளின் அடையாள எண்களை மட்டும் ஏற்கட்டும். முகவர் முதலில் கோப்புப் பெயர், ஆண்டு, கிராமம், சர்வே எண் ஆகியவற்றோடு பட்டியல் தர வேண்டும். மனிதர் ஒருவர் அதைப் பார்த்துச் சரி என்ற பிறகே அழிக்கும் டூல் ஓட வேண்டும்.

இதற்கு, ஏற்றும் நாளிலேயே ஒவ்வொரு துண்டின்மீதும் குறிப்புகளை ஒட்டியிருக்க வேண்டும். நம் இரு மாவட்டங்களுக்கு ‘மாவட்டம்’ என்ற ஒரே குறிப்பு போதாது. பத்திரத்தில் உள்ள மாவட்டம் ஒன்று, இன்றைய மாவட்டம் இன்னொன்று எனத் தனித்தனியே வேண்டும். கட்சிக்காரருக்கென ஓர் எண்ணும் இருந்தால், ஊர்ப்பெயரை நம்பி அழிக்கவேண்டிய தேவையே எழாது.

“அழிக்காதே” என்று வாயால் சொல்லிவைத்தால் போதாதா? 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ முகவர், மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தும், அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கினின் நடப்புத் தரவுத்தளத்தை அழித்தது. பழையபடி மீட்கவும் முடியாது என்றது. உண்மையில் மீட்க முடிந்தது. அறிவுரையை முகவர் மீறலாம். கையில் இல்லாத டூலை அது இயக்க முடியாது.

சரியானதையே அழித்தாலும் வேலை முடிவதில்லை. குரோமா தன் விவரங்களை எஸ்கியூலைட் கோப்பில் வைக்கிறது. அதில் அழித்த வரிகளின் இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுமே தவிர, பழைய எழுத்துகள் வட்டில் தங்கியிருக்கக்கூடும். ‘வேக்கம்’ கட்டளையை ஓட்டிக் கோப்பைச் சுருக்க வேண்டும். எண்கள்தானே மிச்சம் என்றும் விட்டுவிட முடியாது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல், 32 சொற்கூறுகள் கொண்ட ஆங்கில உரைகளில் 92 விழுக்காட்டை, எண்களிலிருந்தே எழுத்துப் பிசகாமல் மீட்டுக் காட்டினார்கள்.

கட்சிக்காரரின் கோரிக்கைக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இத்தகைய கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதற்குள் அலுவலகங்கள் பேக்கப் டிஸ்க்கையும் ஸ்கேன் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஃபோல்டரில் பிடிஎஃப் மிச்சமிருந்தால், அடுத்தமுறை முகவர் அதைப் புது ஆவணம் என்று எண்ணி மறுபடி ஏற்றிவிடும்.