விமானத்திலிருந்து இறங்கி, ரயிலுக்கு நடந்து

சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும், ஊருக்குள் போக எத்தனை ரயில் பாதைகள் இருக்கின்றன தெரியுமா?

பலரும் மெட்ரோவைத்தான் சொல்வார்கள். 2016-ல் விமான நிலையத்துக்கு வந்த அந்த ரயில் ஆலந்தூர், கிண்டி வரை வானத்தைப் பார்த்தபடி ஓடி, சின்னமலையைத் தாண்டியதும் பூமிக்குள் புகுந்து சென்ட்ரலுக்குப் போய்விடும். அண்ணா சாலை நெரிசல் தலைக்கு மேலே கிடக்கும். பயணிக்கு அது தெரியவே தெரியாது!

ஆனால் இன்னொரு ரயிலும் இருக்கிறது. விமான நிலையத்துக்கு நேர் எதிரே, ஜிஎஸ்டி சாலையைக் கடந்தால் திரிசூலம் ஸ்டேஷன். 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் பாதை அது. ஒரு பக்கம் திரிசூலம் மலை, மறுபக்கம் விமான ஓடுபாதை, நடுவே தடதடவென்று ஓடும் நம் புறநகர் ரயில். இப்படி ஒரு காட்சி எந்த ஊருக்கு வாய்க்கும்?

எதில் ஏறலாம்? சென்ட்ரலில் வெளியூர் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு மெட்ரோ சுகம். எழும்பூரில் மதுரை, திருநெல்வேலி ரயிலைப் பிடிப்பவர்களுக்குத் திரிசூலம்தான் நேர்வழி. எங்கும் மாறவே வேண்டாம். மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர் கடைவீதி வாசலிலேயே நிற்கலாம்.

தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் வீடு இருப்பவர்கள் மெட்ரோ பக்கமே போக வேண்டாம், அது நகரத்தை நோக்கித்தான் ஓடும். பெட்டியை இழுத்துக்கொண்டு திரிசூலத்துக்கு நடந்துவிடுங்கள்.