தொலைவிலிருந்து படிக்கும் தமிழ்

நூலின் பக்கங்களில் வரிவரியாக ஓடும் எழுத்துக்கு ஓர் இலக்கணமும், பெயர்ப்பலகையிலும் சுவரொட்டியிலும் நிற்கும் எழுத்துக்கு வேறோர் இலக்கணமும் உண்டு. முன்னது நெடுநேரம் படித்தாலும் கண்ணைக் களைப்படையச் செய்யாதது. பின்னது சில சொற்களையே பெரிய அளவில் நிறுத்தி, கடந்து செல்வோரின் பார்வையை ஈர்ப்பது. இப்பயனுக்கென்றே வரையப்படும் கணினி எழுத்துவகை தலைப்பு எழுத்துரு எனப்படும்.

தூத்துக்குடியைச் சூழ்ந்த கடற்கரையான முத்துக்குளித்துறைக்கும் தமிழ் அச்செழுத்துக்கும் உள்ள உறவு பழமையானது. இக்கரையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்', பரதவர் அளித்த பொருளுதவியோடு 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கங்களே கொண்ட அந்நூலின் இறுதியில், 1577இல் கோவாவில் வார்க்கப்பட்ட எழுத்துகளும் 1578இல் கொல்லத்தில் வார்க்கப்பட்டவையும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. ஓலைச்சுவடி வழக்கை ஒட்டி மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே அச்சிடப்பட்டன. நிதானமாகப் படிப்பவர் இடம் நோக்கி ஒலியை உணர்ந்துகொள்ள முடிந்தது. பலகையைப் பார்த்தவாறே நடப்பவருக்கு அந்த அவகாசம் இல்லையாதலால், புள்ளியும் கொம்பும் சுழியும் நொடியில் புலப்படுமாறு அமைப்பதே தலைப்பு எழுத்துருவின் முதற்கடமையாகிறது.

மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'பலூ' குடும்பத்தின் தமிழ் வடிவமான 'பலூ தம்பி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தடித்த கோடுகளும் கூர்மை தணிந்த முனைகளும் குழைவான வளைவுகளும் அதற்கு நட்பார்ந்த தோற்றத்தைத் தருகின்றன. பல இந்திய எழுத்துமுறைகளுக்கும் ஒரே இயல்பில் வரையப்பட்டிருப்பதால், தமிழும் பிற மொழிகளும் ஒரு பலகையில் இணைந்து நிற்கும்போது ஒன்று மற்றொன்றை அமுக்குவதில்லை.

கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்ளே உள்ள வெற்றிடம் சுருங்கும் என்பதே இத்தகைய வடிவமைப்பின் பெருஞ்சிக்கல். 'தூத்துக்குடி' என்னும் பெயரையே எடுத்துக்கொண்டால், அதன் ஆறு எழுத்துகளில் இரண்டு புள்ளி பெறுகின்றன. 'தூ'வையும் 'து'வையும் பிரிப்பது வலப்புறத்தில் கூடும் வளைவு மட்டுமே. 'கு'வின் வளைவு எழுத்தைச் சுற்றிவர, 'டி'யின் விசிறி மேலே எழுகிறது. இவையனைத்தையும் தடித்த கோட்டில் அடைத்தால் பெயர் கரிய திட்டாகிவிடும். அதனால் வடிவமைப்பவர் சுழிகளை அகலமாக்கி, கோடுகள் கூடும் இடங்களில் தடிமனைக் குறைத்து, எழுத்தின் மேலே புள்ளிக்கு இடம் விட வேண்டியிருக்கிறது. மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் தொலைவிலிருந்து வேறுபட்டுத் தெரிகின்றனவா என்பது இவ்வுழைப்பின் உரைகல்.

திறந்த உரிமத்தில் கிடைப்பதால் 'பலூ தம்பி'யை வணிகத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மக்ரூன் பெட்டி, உப்புப் பொட்டலம், திருவிழாச் சுவரொட்டி, இதழின் தலைப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். நீண்ட கட்டுரைக்கோ மருந்துச் சீட்டின் குறிப்புக்கோ பொருந்தாது, ஏனெனில் சிற்றளவில் அந்த வெற்றிடங்கள் அடைபட்டுவிடும்.

எழுத்துருவைத் தேர்பவர்கள் கணினித் திரையில் அழகாக இருப்பதோடு நிறைவடையாமல், பலகையின் உண்மை அளவில் ஒரு படி எடுத்து, தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து தடங்கலின்றிப் படிக்க இயலும் எழுத்தே தலைப்புக்கு உரிய எழுத்து.