பொன் தேடிய காட்டில் ஒரு குளிர்கால நடை

ஈப்போ வட்டாரப் பெரியவர்களுக்குத் துலாங் தட்டு நினைவிருக்கும். ஓடை மணலை அந்த மரத்தட்டில் அள்ளித் தண்ணீரில் சுழற்றினால், வெறும் மணல் வழிந்து போகும். கனமான ஈய மணல் அடியில் தங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொன்னையும் இப்படித்தான் தட்டில் அலசித் தேடினார்கள். அந்தக் காட்டுக்குள் இன்று நாம் சற்று நடந்து வருவோம்.

குளிர்காலம் என்றதும் எங்கும் பனி மூடியிருக்கும் என்று எண்ண வேண்டாம். மலையடிவாரத்தில் அப்போது பெரும்பாலும் மழைதான். மழை விட்ட நாளில், கேமரன் மலையின் விடியற்காலை போன்ற இதமான குளிர். நடப்பதற்கு இதுவே நல்ல காலம். கருவாலி மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் பழைய குழிகளும் கால்வாய்களும் கண்ணுக்குத் தெரியும். நச்சுப் பாம்புகளும் பொந்துக்குள் முடங்கிக் கிடக்கும். 1848 ஜனவரி 24-ஆம் நாள், கொலோமா என்னும் இடத்தில் மரம் அறுக்கும் ஆலைக்கு வெட்டிய கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் பொன்னைக் கண்டதும் இதே பருவத்தில்தான்.

எங்கே தேடுவது? பொன் தண்ணீரைவிட 19 மடங்கு கனமானது. ஆகவே வெள்ளம் வேகம் தணியும் இடத்தில் அது படியும்: ஆற்று வளைவின் உட்புறத்தில், பெரும்பாறையின் பின்னால், அடிப்பாறையின் வெடிப்புகளில்.

வழியில் ஒரு மரக்கம்பம் நிற்கிறது. அதில் ஒரு தகர டப்பா. உள்ளே ஒரு காகிதம். ‘இந்த இடத்தில் தோண்டும் உரிமை எனக்கு’ என்று ஒருவர் எழுதி வைத்த அறிவிப்பு அது. இப்படிக் குறித்த துண்டை ‘கிளேம்’ என்பார்கள். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆற்று மணலில் ஒருவர் 20 ஏக்கர் வரை குறிக்கலாம். கம்பம் நட்டால் மட்டும் போதாது. அங்கே பொருள் இருப்பதைக் கண்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் 100 டாலர் மதிப்புள்ள வேலையும் செய்ய வேண்டும். 1993 முதல் பெரும்பாலோர் அதற்குப் பதிலாகக் கட்டணம் செலுத்துகிறார்கள். குறித்ததாலேயே நிலம் சொந்தமாகிவிடாது. நம்மைப் போன்ற வழிப்போக்கர் நடந்து போகலாம். ஆனால் பிறர் துண்டில் ஒரு தட்டு மணலும் அலசக்கூடாது.

சருகு மூடிய குழிகளுக்கு அருகே போகக்கூடாது. உள்ளே மரத்தாங்கிகள் உளுத்திருக்கும். கெட்ட காற்றும் தங்கியிருக்கும். (நம் ஊரில் பழைய ஈய லம்பக் குட்டைகளில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.)

ஓடையோரத்தில், கையால் ஒவ்வொன்றாக அடுக்கிய கல்வரிசைகளைக் காண்கிறோம். இவற்றில் பல சீனத் தொழிலாளர் அடுக்கியவை என்பார்கள். மற்றவர் கைவிட்ட துண்டுகளில் மிச்சத்தைத் தேடியவர்கள் அவர்கள். 1852 முதல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஒவ்வொருவரும் மாதம் 3 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டே அது 4 டாலர் ஆயிற்று. அந்த வரியைப் பெரும்பாலும் கட்டியவர்கள் சீனர்களே. 1872 சட்டமோ, அமெரிக்கக் குடிமக்களுக்கும் குடிமகனாக விண்ணப்பித்தவர்களுக்கும் மட்டுமே கம்பம் நடும் உரிமை தந்தது. சீனரில் அங்கே பிறந்தவர் தவிர மற்றவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே சட்டம் இடம் தரவில்லை. எத்தனை ஆண்டு கல் சுமந்தாலும் டப்பாவில் வைக்க அவர்களிடம் காகிதம் இல்லை.

இது நமக்குத் தொலைவான கதை அன்று. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்து, வேலை பெர்மிட் கிடைக்காமல், 1969, 1970-ஆம் ஆண்டுகளில் பால் வெட்டிய தோட்டத்தை விட்டுக் கப்பலேறிய குடும்பங்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சீனர்களுக்கு அந்தத் தடை 1943-இல் நீங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஓடைகளில் எளிதாகக் கிடைத்த பொன் தீர்ந்துபோயிருந்தது.