'ஐயம்பேட்டை'யில் 6 எழுத்துதானே... சி மொழி ஏன் 30 என்கிறது?

காஞ்சிபுரம் பக்கம் உள்ள நெசவு ஊர் ஐயம்பேட்டை. ஒரு பட்டுச்சேலைக்கு உடல், பார்டர், முந்தி என மூன்று பகுதி. கையில் இருப்பது சிவப்பு, பச்சை, மஞ்சள். பகுதிக்கு ஒரு நிறம் என்றால் எத்தனை விதமாக நெய்யலாம்? உடலுக்கு 3 வாய்ப்பு, பார்டருக்கு மிச்சம் 2, முந்திக்கு 1. பெருக்கினால் 6. இதுதான் வரிசைமாற்றம், அதாவது பெர்முடேஷன்.

ஐடி இன்டர்வியூவில் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: ஒரு சொல்லின் எழுத்துகளை எல்லா விதமாகவும் அடுக்கிக் காட்ட, சி மொழியில் புரோகிராம் எழுதுங்க.

லாஜிக் என்ன?

முதல் இடத்தில் ஓர் எழுத்தை நிறுத்த வேண்டும். மீதியை அடுக்க, அதே ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைக்கும். இதற்குப் பெயர் ரிகர்ஷன். கடைசி இடம் வந்ததும் சொல்லை பிரின்ட் செய்யும். பிறகு, இடம் மாற்றிய எழுத்தைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இது பேக்டிராக்கிங்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். திருப்பி வைக்காவிட்டால், மூன்று எழுத்துச் சொல்லிலேயே 2 வரிசை இரண்டு முறை வரும். 2 வரிசை வராமலே போகும்.

தமிழில் என்ன சிக்கல்?

ஐ, ய, ம், பே, ட், டை. மொத்தம் 6 எழுத்து, எதுவும் திரும்ப வரவில்லை. ஆக 6×5×4×3×2×1 = 720 வரிசைகள் வர வேண்டும். ஆனால் சொல்லின் நீளம் கேட்டால், சி மொழியின் 'எஸ்டிஆர்லென்' ஃபங்ஷன் 30 என்கிறது!

காரணம், அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. யுனிகோடில் 'பே' என்பது ப, ஏகாரக் குறி என இரண்டு குறியீடு. 'ம்' என்பதும் ம, புள்ளி என இரண்டு. இப்படி ஐயம்பேட்டைக்கு 10 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான் என்பதால் அங்கே இந்தப் பிரச்னை தெரிவதே இல்லை.

பைட்டுகளைக் கலைத்தால் திரையில் கேள்விக்குறியும் கட்டமும்தான் வரும். 30 பைட்டுகளின் வரிசைமாற்றம் 33 இலக்க எண். புரோகிராம் முடியவே முடியாது. 10 குறியீடுகளைக் கலைத்தாலும் புள்ளி வேறு எழுத்தின் மேல் போய் உட்காரும்.

தீர்வு?

முதலில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க வேண்டும். புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடலாம். பிறகு 6 எழுத்துக்கும் 0 முதல் 5 வரை எண் கொடுத்து, எண்களை மட்டும் மாற்றி அடுக்கினால் போதும். அவ்ளோதான், 720 வந்துவிடும்.

'தாத்தா' மாதிரி எழுத்து திரும்ப வந்தால்? 'தா' இரண்டு முறை வருவதால் 6 அல்ல, 3 வரிசைதான். ஒரே எழுத்தை ஒரே இடத்தில் மறுபடி நிறுத்தாமல் தடுக்க ஒரு செக் சேர்க்க வேண்டும்.

தமிழில் சொல் விளையாட்டு ஆப், பிழைதிருத்தி என எதைச் செய்தாலும் முதல் படி இந்த எழுத்துப் பிரிப்புதான்.