இரட்டைப் புகைக்குழாய்

மோட்டார் வண்டியின் இயந்திரம் எரிந்த வாயுவை வெளியே தள்ளுதற்கும் தன் ஆற்றலிற் சிறிது செலவிடுகின்றது. வழி குறுகின் அச்செலவு பெருகும். சிலிண்டர்கள் இரு வரிசையாய் நிற்கும் வி-8 இயந்திரத்தில் இரு வரிசையின் புகையும் ஒரே குழாயிற் புகுங்கால் நெருக்கம் உண்டாகின்றது. ஆதலின் வரிசைக்கொரு குழாய் அமைப்பர்.

அமெரிக்கச் செவர்லே வி-8 வண்டி 1955-இல் 162 குதிரைத்திறனுடன் வந்தது. இரட்டைக் குழாயும் நான்கு வாய்க் கார்புரேட்டரும் பூண்டது 180 பெற்றது. அம்மிகுதி முழுவதும் குழாயின் கொடையன்று என்பது வெளிப்படை.

சிக்கனம் விரும்புவோர் பழைய குழாயையும் சைலென்சரையும் ஒரு பக்கத்திற்கு நிறுத்தி, அவை கூடுமிடத்தை அடைத்து, மறுபக்கத்திற்கு மட்டும் புதியன வாங்கலாம். இரண்டையும் குறுக்கே ஒரு சிறு குழாயால் இணைப்பின் அழுத்தம் சமனாகி ஓசையும் தணியும். பெட்ரோல் தொட்டிக்கும் பிரேக் குழாய்க்கும் அருகே சூடான குழாய் செல்லலாகாது. மூட்டுகளிற் கசிவும் ஆகாது. கசியும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமின்றி உயிர் கவர்வது.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. 2 அங்குல விட்டமுள்ள குழாய்கள் இரண்டு தரும் வழியை 2.83 அங்குலக் குழாய் ஒன்றே தரும். நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையாய் நிற்கும் வண்டிக்கோ இரண்டாங்குழாய் பெரும்பாலும் அணிகலனே. ஆதலின் பணப்பையைத் திறக்குமுன் அளவுகோலை எடுத்தல் அறிவுடைமை.