12 வோல்ட் கேட்டதற்கு 19 வோல்ட் கொடுத்தேன்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் கொஞ்ச நாளிலேயே அடாப்டர்கள் குவிந்துவிடும். மோடத்துக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று. எல்லாமே கறுப்பு. முனைகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். "பொருந்துகிறதே, பிறகென்ன?" என்று கையில் கிடைத்ததைச் செருகிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செருகினேன். அதனால் என்ன நடந்தது, அதிலிருந்து மீள எந்தக் கருவி உதவியது, அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நடந்தது என்ன?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது, கோட்டூர்புரத்தில் என் சித்தி வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியது. பரணில் இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. மேஜை டிராயரில் இருந்த அதன் அடாப்டர் தண்ணீரோடு போய்விட்டது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த சித்தி, டிஸ்க்கை என் கையில் கொடுத்து, "சித்தப்பா போட்டோ எல்லாம் இதுலதான்டா இருக்கு. வேலை செய்யுதான்னு பாரு" என்றார். சித்தப்பா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டிலிருந்த ஆல்பங்கள் எல்லாம் சேற்றில் ஊறிப் போயிருந்தன.

என் லேப்டாப் அடாப்டரின் முனை அந்த டிஸ்க்கில் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டேன். மறு நிமிடமே அடாப்டரில் இருந்த பச்சை விளக்கு அணைந்தது. டிஸ்க்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகுதான் லேபிள்களைப் படித்தேன். டிஸ்க்கில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தது. என் அடாப்டரில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தது. படித்துவிட்டுச் செருகியிருக்க வேண்டும். செருகிவிட்டுப் படித்தேன்.

வோல்டேஜ் கொடுப்பது, கரண்ட் எடுப்பது

லேபிளில் உள்ள இந்த இரண்டு எண்களின் அர்த்தம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வோல்டேஜ் என்பது தள்ளும் அழுத்தம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் உயரம் போல. இதை அடாப்டர் தீர்மானிக்கிறது. 12 வோல்ட் கேட்கும் சாதனத்துக்கு 12 வோல்ட்தான் கொடுக்க வேண்டும்.

கரண்ட் என்பது குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு. இதைச் சாதனம்தான் தன் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறது. எனவே 1.5 ஆம்பியர் கேட்கும் டிஸ்க்குக்கு 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரைப் பயன்படுத்தலாம். ஆபத்தில்லை. ஆனால் 12 வோல்ட், 0.5 ஆம்பியர் அடாப்டர் போதாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சாதனத்தின் உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகிவிட்டால் அது அளவுக்கு மீறிக் கரண்டை எடுக்கும். சாதாரண அடாப்டர் தன்னால் முடிந்த வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். "இதற்கு மேல் கொடுக்காதே" என்று அதனிடம் நாம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடிகிற கருவிதான் வோல்டேஜ்-கரண்ட் சோர்ஸ்.

நீங்கள் பார்த்திருக்கும் கருவிதான்

தி.நகரிலோ ரிச்சி தெருவிலோ செல்போன் ரிப்பேர் செய்பவரின் மேஜையைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு வரிசையில் எண்கள் ஒளிரும் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து சிவப்பு, கறுப்பு வயர்கள் வரும். அதுதான் இது. கடையில் 'ரெகுலேட்டட் பவர் சப்ளை' என்பார்கள். 30 வோல்ட், 5 ஆம்பியர் வரை தருவது பரவலாகக் கிடைக்கும் வகை.

இதில் இரண்டு எல்லைகளை நாம் வைக்கலாம். ஒன்று வோல்டேஜ், இன்னொன்று கரண்ட். சாதனம் எடுக்கும் கரண்ட் நாம் வைத்த எல்லைக்குள் இருந்தால், வோல்டேஜ் மாறாமல் நிற்கும். அப்போது 'சிவி' விளக்கு எரியும். சாதனம் எல்லையைத் தாண்டப் பார்த்தால், கருவி கரண்டை அதே அளவில் பிடித்து நிறுத்தி வோல்டேஜைக் குறைத்துவிடும். அப்போது 'சிசி' விளக்கு எரியும். ரிப்பேர்காரர்கள் முதலில் பார்ப்பது இந்த விளக்கைத்தான்.

உங்கள் செல்போன் பேட்டரியும் இதே முறையில்தான் சார்ஜ் ஆகிறது. சாதாரண லித்தியம் செல் ஒன்றுக்கு, 4.2 வோல்ட்டை எட்டும் வரை கரண்ட் மாறாமல் செல்லும். பிறகு வோல்டேஜ் மாறாமல் நிற்கும். கரண்ட் மெல்லக் குறையும்.

டிஸ்க்குக்கு நடந்த வைத்தியம்

அடையாறில் இருக்கும் ஓய்வு பெற்ற எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் ஒருவரிடம் டிஸ்க்கை எடுத்துச் சென்றேன். "சார், செத்துப் போச்சா?" என்று கேட்டேன். "இன்னும் நாடி பார்க்கலையேப்பா" என்றார்.

மேல் பெட்டியைக் கழற்றி டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்தார். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து வெட்டிய பவர் கேபிளை அதில் செருகினார். அதில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். பிறகு ஒவ்வொரு படியாகச் சென்றார்.

1. மஞ்சள் வயருக்கு 12 வோல்ட் வைத்தார். ஆனால் கரண்ட் எல்லையை வெறும் 0.2 ஆம்பியரில் வைத்தார். ஆன் செய்ததும் 'சிசி' விளக்கு எரிந்தது. வோல்டேஜ் 0.08க்கு விழுந்தது. அதாவது 12 வோல்ட் பாதையில் ஷார்ட் இருக்கிறது. கரண்டுக்கு எல்லை இருந்ததால் வேறு எதுவும் கருகவில்லை.

2. எந்தப் பாகம் ஷார்ட்? இப்போது வோல்டேஜை 1 வோல்ட்டுக்குக் குறைத்து, கரண்டை 1 ஆம்பியருக்கு உயர்த்தினார். 1 வோல்ட்டில் நல்ல நிலையில் உள்ள ஐசிக்களுக்கு ஆபத்தில்லை. ஷார்ட் ஆன பாகம் மட்டும் சூடேறும். போர்டில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லத் தடவினார். ஒரு சிறிய பாகத்தின் மேல் மட்டும் அது சட்டென்று காய்ந்தது.

3. அது 'டிவிஎஸ்' டயோடு. அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி, பின்னால் இருக்கும் பாகங்களைக் காப்பாற்றும் காவல்காரன். என் 19 வோல்ட்டைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது அதுதான். அதை நீக்கினார்.

4. மறுபடி 12 வோல்ட். இந்த முறை எல்லை 2.5 ஆம்பியர். காரணம், 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் 2 ஆம்பியர் அளவுக்கு எடுக்கக்கூடும். எல்லையைக் குறைவாக வைத்தால் நல்ல டிஸ்க்கும் சுழலாது. 5 வோல்ட்டுக்கு எல்லை 1 ஆம்பியர். ஆன் செய்தார். மீட்டர் 1.8 வரை எகிறி, அரை ஆம்பியருக்கு இறங்கி நின்றது. டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது.

அன்று இரவே எல்லாப் படங்களையும் காப்பி செய்தோம். காவல்காரன் இல்லாத டிஸ்க்கை நம்பக்கூடாது என்பதால் அதை அதன் பிறகு பயன்படுத்தவில்லை. சித்தியிடம் இரண்டு டிவிடிகளும் ஒரு பென் டிரைவும் கொடுத்தேன்.

'புரோகிராமபிள்' என்றால்?

மேலே சொன்னதைக் கையால் குமிழைத் திருகியும் செய்யலாம். புரோகிராமபிள் சோர்ஸில் இதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்யும். யுஎஸ்பி கேபிளில் இணைத்து, வோல்டேஜ் 5, கரண்ட் 0.1, அவுட்புட் ஆன் என்று கட்டளைகளை அனுப்பினால் போதும். எவ்வளவு கரண்ட் போகிறது என்று கேட்டால் பதிலும் வரும். கம்பெனிக்குக் கம்பெனி கட்டளைகள் வேறு வேறாக இருந்த குழப்பத்தைத் தீர்க்க, 1990இல் 'ஸ்கிபி' என்ற பொதுக் கட்டளை மொழி வந்தது. நூறு பாகங்களை ஒரே மாதிரி சோதிக்க வேண்டியவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

வீட்டில் கற்றுக்கொள்ள

இதைப் பழக விலை உயர்ந்த கருவி தேவையில்லை. டெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர், மாணவர்களுக்காக 'எக்ஸ்ப்ஐஸ்-17' என்ற சிறிய பெட்டியை உருவாக்கியது. கம்ப்யூட்டரின் யுஎஸ்பியிலேயே இயங்கும். மென்பொருள் இலவசம். அதில் 'பிவி1' என்ற முனை -5 முதல் +5 வோல்ட் வரை நீங்கள் சொல்லும் வோல்டேஜைத் தரும். 'சிசிஎஸ்' என்ற முனை 1.1 மில்லி ஆம்பியர் கரண்டை மாறாமல் தரும்.

முதல் சோதனைக்கு ஒரு சிவப்பு எல்இடியும் 1000 ஓம் ரெசிஸ்டரும் போதும்.

* பிவி1இலிருந்து ரெசிஸ்டர் வழியாக எல்இடியின் நீளமான காலுக்கு இணையுங்கள். குட்டையான கால் கிரவுண்டுக்கு.
* நீளமான காலை 'ஏ1' முனையிலும் இணையுங்கள். அது வோல்டேஜை அளக்கும்.
* திரையில் பிவி1ஐ 0விலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஏ1 சுமார் 1.8 வோல்ட்டை நெருங்கும்போது எல்இடி நன்றாக ஒளிரும்.
* பிவி1 4 வோல்ட், ஏ1 1.8 வோல்ட் என்றால், மீதி 2.2 வோல்ட் ரெசிஸ்டரில் இருக்கிறது. அதை 1000 ஓமால் வகுத்தால் கரண்ட் 2.2 மில்லி ஆம்பியர்.

மனதில் கொள்ளுங்கள்

* முதலில் எல்லைகளை வையுங்கள். பிறகு வயரை இணையுங்கள். கடைசியில்தான் ஆன்.
* பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. அடாப்டர் லேபிளில் உள்ள வட்டப் படம், நடு முள் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சொல்லும்.
* 230 வோல்ட் நேராக வரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை, மானிட்டரைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் இருக்கும்.
* விலைமதிப்பற்ற தகவல் உள்ள டிஸ்க் என்றால் நீங்களாக முயல வேண்டாம். அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

இன்றே செய்ய ஒரு வேலை. வீட்டில் இருக்கும் எல்லா அடாப்டர்களையும் எடுத்து, எது எந்தச் சாதனத்துக்கு, எத்தனை வோல்ட் என்று வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். கால் மணி நேர வேலைதான். நான் அதை முன்பே செய்திருந்தால் சித்தியின் டிஸ்க்குக்கு வைத்தியமே தேவைப்பட்டிருக்காது.