பத்து கிராம் விருந்தாளிகள்

கோடியக்கரைக்கு எல்லாரும் பூநாரை பார்க்கத்தான் வருவார்கள். நமக்கு இன்று வேறொரு வாசல் திறந்திருக்கிறது. வாங்க, குனிந்து வாங்க, பேச்சு மட்டும் வேண்டாம்! அக்டோபர் மாதம், இன்னும் சரியாக விடியவில்லை. சதுப்பை ஒட்டிய புதர்க்காட்டில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் முகாமுக்குள் நுழைகிறோம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே செய்துவரும் வேலை இது.

கழிகளுக்கு நடுவே கட்டிய வலை கண்ணுக்கே தெரியவில்லை, நூல் அவ்வளவு மெலிசு. அதில் ஒரு நாணல் கதிர்க்குருவி துள்ளுகிறது. விரல் நுனியால் ஒருவர் சிக்கெடுக்கிறார். கால், இறக்கை, தலை. வியர்வை அவர் மூக்கு நுனியில் வந்து நிற்கிறது; துடைக்கக் கை காலியில்லை. கொசுக்களுக்குக் கொண்டாட்டம்.

மேசையைப் பாருங்களேன்! குறடு, அளவுகோல், கம்பியில் கோத்த குட்டி வளையங்கள், பாதி குடித்த டீ, யாரோ கடித்து வைத்த பன். வரிசையாகத் தொங்கும் துணிப்பைகள் ஒவ்வொன்றும் நெளிகிறது. குருவியைத் தலைகீழாக ஒரு கூம்பில் இறக்கி எடை பார்க்கிறார்கள். 11 கிராம்!

அடுத்ததுதான் எனக்கு உயிர். வயிற்று இறகை 'உஃப்' என்று ஊதுகிறார். இறகு விலகியதும் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு. அதுதான் கட்டுச்சோறு. சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து பறந்து வருகிற இனம். வழியில் எரித்ததைப் பூச்சி தின்று மீண்டும் சேர்க்கிறது. பழம் தின்னிகளுக்கு உகா மரம் இருக்கிறது. சில பறவைகள் இங்கேயே தங்கும், சில கடல் தாண்டி இலங்கைக்குப் போகும். உகா போன்ற மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சீமைக் கருவேலத்தை வனத்துறை பிடுங்கும்போது எனக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று இந்த வயிற்றைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

"ஆ!" பழுப்புக் கீச்சான் கடித்துவிட்டது. கொக்கி அலகு, பிடித்தால் விடாது. சமையல்கார அண்ணன் அடுப்படியிலிருந்தே கேட்கிறார்: "இன்னிக்கு யாரு விரலு தம்பி?" முகாமே சிரிக்கிறது.

சிரிப்பு அடங்குமுன் வலைப்பக்கமிருந்து ஒரு குரல்: "ஆறுமணிக்குருவி!" அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். இமயமலை அடிவாரக் காடுகள் வரை குஞ்சு பொரிக்கும் பறவை, இரவில் பறந்து வருவது. பச்சை முதுகு, இறக்கையில் பளீர் நீலம், வாலடியில் சிவப்பு. எத்தனையோ முறை பார்த்தவர்களும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். குறிப்பெடுக்கும் பெண் மட்டும் பேனாவோடு கெஞ்சுகிறார்:

"அப்புறம் ரசிக்கலாம்ண்ணே, இறக்கை நீளத்தைச் சொல்லுங்க முதல்ல!"